தோட்டக்காரரின் நோட்டுப் புத்தகம்

 

இன்று ஒரு தோட்டக்காரரைப் பற்றிப் பேசுவோம். அவர் இருப்பது கேரளத்தில், கொச்சியில். கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஒரு பகுதி உண்டு. அது பழைய துறைமுகப் பகுதி. மிளகு, ஏலம், சுக்கு விற்கும் கடைத்தெரு அங்கே இருக்கிறது. தெருவில் நடந்தாலே சுக்கு வாசனை மூக்கில் ஏறும். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் காதில் விழும்.

நம் தோட்டக்காரர் தமிழர். தாத்தா காலத்திலேயே பிழைப்புக்காக அங்கே போன குடும்பம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நான்கு வீடுகளில் தோட்ட வேலை செய்கிறார். அவரிடம் ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஒரு பூவாளி, ஒரு கத்தி இருக்கின்றன. இவற்றோடு நல்ல வாயும் இருக்கிறது. செடியோடு பேசுவார். காக்கையோடு பேசுவார். யாரும் இல்லாவிட்டால் மண்வெட்டியோடு பேசுவார்.

"செடியிடம் என்ன பேசுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பதில் பேசாது. அதனால் சண்டை வராது. வீட்டில் அப்படிப் பேச முடியுமா?" என்றார் தோட்டக்காரர்.

மூன்று எதிரிகள்

தோட்டத்துக்கு எதிரிகள் எத்தனை பேர்? தோட்டக்காரர் விரல் விட்டு எண்ணுவார்.

முதல் எதிரி ஆடு. மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் தாராளமாகத் திரியும். சாலையைத் தாண்டும்போது மனிதரைவிடக் கவனமாகத் தாண்டும். ஆனால் வேலியைக் கண்டால் கவனம் போய்விடும். காசு கொடுத்து வாங்கி வைத்த ரோஜாச் செடியைத் தின்னும். தானாக முளைத்த களையைத் தொடாது. "ஆட்டுக்கு விலைவாசி தெரியும்" என்பார் தோட்டக்காரர்.

இரண்டாவது எதிரி நத்தை. சாதாரண நத்தை இல்லை. ஆப்பிரிக்கப் பெரு நத்தை. கை அளவுகூட வளரும். மழைக்காலத்தில் இரவு நேரத்தில் வரும். பப்பாளி, வாழை, கீரை எதையும் விடாது. அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாலையில் ஒரு சாக்கை நனைத்துத் தோட்டத்தில் விரிக்க வேண்டும். அதன் கீழே முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வைக்க வேண்டும். நத்தைகள் விருந்துக்கு வரும். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் எல்லாம் அங்கே இருக்கும். எடுத்து உப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

ஒரு விஷயம் முக்கியம், நண்பர்களே. இந்த நத்தையை வெறும் கையால் தொடக்கூடாது. மனித மூளையைப் பாதிக்கும் ஒரு வகைப் புழு இதன் உடம்பில் இருக்கலாம். கையுறை வேண்டும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தோட்டத்துக் கீரையையும் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும். உப்பைச் செடியின் மேல் தூவவும் கூடாது. நத்தையோடு செடியும் போய்விடும்.

மூன்றாவது எதிரி வீட்டுக்காரர். "மற்ற எதிரிகள் இரவில் வரும். இவர் பகலில் வருவார். சம்பளம் தருவதால் விரட்டவும் முடியாது" என்பார்.

வீட்டுக்காரருக்குச் செடி மேல் அன்பு அதிகம். காலையில் தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றுவார். பத்து மணிக்கு வீட்டுக்காரர் ஊற்றுவார். மாலையில் வீட்டுக்கார அம்மா ஊற்றுவார். ஒரு மாதத்தில் தொட்டியில் வேர் அழுகிவிடும். வேருக்கும் காற்று வேண்டும். மண் முழுவதும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாது. தொட்டி மண்ணில் ஒரு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம்.

"தொட்டிச் செடி தாகத்தால் சாவது குறைவு. அன்பால் சாவது அதிகம்" என்பது அவர் முடிவு.

வெளியூர் விருந்தாளிகள்

பக்கத்து வீட்டில் ஒரு சேச்சி இருக்கிறார். மலையாளத்தில் அக்காவைச் சேச்சி என்று சொல்வார்கள். அண்ணனைச் சேட்டன் என்பார்கள். ஒரு நாள் சேச்சி சொன்னார்:

"சேட்டா, என் தோட்டத்தில் நம் நாட்டுச் செடி மட்டும் போதும். வெளிநாட்டுச் செடி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்."

"சரி சேச்சி" என்றார் தோட்டக்காரர். நேரே மிளகாய்ச் செடியிடம் போனார்.

"ஐயோ, அது மிளகாய்!" என்றார் சேச்சி.

"மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டு வந்தது. பப்பாளியும் அப்படித்தான். கொய்யா, முந்திரி, அன்னாசி, தக்காளி எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. மரவள்ளிக் கிழங்குக்கும் அதுதான் ஊர். எல்லாவற்றையும் பிடுங்கட்டுமா?"

சேச்சி யோசித்தார். மிளகாய் இல்லாமல் மீன் குழம்பு ஏது? மரவள்ளியை அங்கே கப்பை என்பார்கள். கப்பை இல்லாமல் மீன் குழம்பை எதோடு தின்பது?

"எல்லாம் இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

பெயரைக் கவனித்தால் செடியின் கதை தெரியும், நண்பர்களே. மிளகாய் வருவதற்கு முன்னால் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். புதிதாக ஒரு காரமான காய் வந்தது. மிளகு போன்ற காய் என்று மிளகாய் ஆக்கிவிட்டோம். மலையாளத்தில் அதற்குக் கப்பல் மிளகு என்று ஒரு பழைய பெயர் இருந்தது. பப்பாளியைக் கொச்சிப் பக்கம் கப்பளங்கா என்பார்கள். கப்பலில் வந்த காய் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

சில பெயர்கள் நம்மை ஏமாற்றும். கேரளத்துக் குளங்களில் ஒரு பாசி படர்ந்தது. மக்கள் அதை ஆப்பிரிக்கப் பாயல் என்றார்கள். ஆனால் அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில். வயலையும் வாய்க்காலையும் அது மூடியது. 1980களில் அதைத் தின்னும் சிறு வண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். பாயல் அடங்கியது. "மனிதன் வெட்டி முடியாததை வண்டு தின்று முடித்தது. அது கூலியும் கேட்கவில்லை" என்று தோட்டக்காரர் சிரிப்பார்.

இன்னொரு களைக்குப் பெயர் கம்யூனிஸ்ட் பச்சை. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். கம்யூனிஸ்ட் கட்சி வேகமாகப் பரவிய காலத்தில் இதுவும் வேகமாகப் பரவியது. அதனால் கேரள மக்கள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பெயரைக் கேட்டுக் கட்சிக்காரர்களும் சிரிப்பார்கள். களை எடுக்கும்போது மட்டும் தோட்டக்காரர் அந்தப் பெயரை மெதுவாகச் சொல்வார். எந்த வீட்டில் எந்தக் கட்சியோ, யாருக்குத் தெரியும்?

மிளகும் மழையும்

அப்படியானால் நம் ஊர்ச் செடி எது? மிளகுதான். மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் தாய்வீடு. மிளகைத் தேடித்தான் வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். 1500இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொச்சிக்கும் வந்தன.

மிளகுக் கொடி நடுவதற்குக் கேரள விவசாயிகள் ஒரு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டை 27 நட்சத்திரங்களின் பெயரால் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள். அதற்கு ஞாற்றுவேலை என்று பெயர். திருவாதிரை ஞாற்றுவேலை ஜூன் கடைசியில் தொடங்கும். அப்போது மழையும் வெயிலும் மாறி மாறி வரும். எதை ஒடித்து நட்டாலும் முளைக்கும் என்பார்கள். மிளகு நட அதுதான் நல்ல நேரம். மிளகு பூப்பதும் மழையில்தான். மழைத்துளி வடியும்போது பூவின் தூளைக் கீழே உள்ள பூக்களுக்குக் கொண்டு போகும்.

இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். போர்த்துக்கீசியர் மிளகுக் கொடியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போகப் பார்த்தார்களாம். மந்திரிகள் பயந்து கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியிடம் ஓடினார்களாம். சாமூதிரி அசையவில்லையாம். "கொடியைக் கொண்டு போகட்டும். நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியுமா?" என்று கேட்டாராம்.

நல்ல பதில்தான். ஆனால் இன்று உலகத்தில் அதிகமாக மிளகு விளைவது வியட்நாமில். "சாமூதிரி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். மழை வியட்நாமிலும் பெய்கிறது" என்பார் தோட்டக்காரர்.

சுவரில் கிடந்த கோடுகள்

இதுவரை சிரித்தோம். இனி ஒரு வருத்தமான விஷயம்.

மட்டாஞ்சேரியைச் சுற்றிக் கடலும் காயலும் இருக்கின்றன. கார்த்திகை மாதத்தை மலையாளத்தில் விருச்சிகம் என்பார்கள். அந்த மாதம் தொடங்கிச் சில வாரங்கள் கடல் நீர் வழக்கத்தைவிட உயரும். விடியற்காலையில் ஓடை வழியாகத் தெருவுக்கு வரும். தாழ்வான வீடுகளுக்குள்ளும் நுழையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகமாக இருக்கும். அந்த நாட்களில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து கடலை இழுக்கின்றன. அதுதான் காரணம்.

உப்புத் தண்ணீர் செடிக்கு ஏன் ஆகாது? நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் விடும். உப்பு மாங்காயில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. வேரிலும் இதே கதைதான். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் நீரைக் குடிக்க முடியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும். செடி தாகத்தால் வாடும். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். ரோஜா தாங்காது.

தோட்டக்காரரின் அப்பாவும் தோட்டக்காரர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு உயரம் வரும் என்று முன்னதாகவே சொல்லிவிடுவார். முந்தின நாளே தொட்டிகளைத் தூக்கி மேலே வைப்பார். அவர் வேலை செய்த வீட்டில் பின்பக்கம் ஒரு சுவர் இருந்தது. அதில் கரியால் கோடு போடுவார். சில கோடு நீளம். சில கோடு குட்டை. சில கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். பல ஆண்டுகள் அப்படிப் போட்டு வந்தார். அதுதான் அவருடைய புத்தகம்.

ஒரு நாள் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் கல்யாணம் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அடித்தவர் மேல் தப்பு இல்லை. அவர் கண்ணுக்கு அது கரி அழுக்கு. மகனும் தடுக்கவில்லை. அவருக்கும் அந்தக் கோடுகளின் பொருள் தெரியாது. அப்பாவிடம் கேட்டதே இல்லை. "அப்பாதான் இருக்கிறாரே, என்ன அவசரம்" என்று இருந்துவிட்டார்.

அடுத்த கார்த்திகையில் தண்ணீர் வந்தது. நாற்பது தொட்டிகள் இரவோடு இரவாக உப்பில் நின்றன. அப்பா வளர்த்த ரோஜாக்களும் அவற்றில் இருந்தன. ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகியது. ஒரு மாதத்தில் எல்லாம் போய்விட்டன. வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோட்டக்காரர் இன்றும் சொல்வார்.

நாலு எழுத்தில் ஒரு புத்தகம்

தோட்டக்காரர் வயதான பிறகுதான் இரவு வகுப்பில் சேர்ந்தார். கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு. பென்சில் நழுவும். "மண்வெட்டி கனமாக இருந்தாலும் சொன்னபடி கேட்கும். இந்தப் பென்சில் கேட்க மாட்டேன் என்கிறதே" என்பார்.

அவருக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி. ஒரு நாள் பள்ளியில் கேட்ட கதையைத் தாத்தாவுக்குச் சொன்னாள்.

"தாத்தா, நம் கொச்சியில் டச்சுக்காரர் ஆண்டார்களாம். 1663இல் போர்த்துக்கீசியரிடம் இருந்து பிடித்தார்களாம். அவர்களில் வான் ரீடு என்று ஓர் அதிகாரி. இங்கே உள்ள செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். பெயர் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். மலபாரின் தோட்டம் என்று அர்த்தம்."

"தோட்டமா? சொல்லு கண்ணு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் தாத்தா.

அந்தப் புத்தகம் 12 தொகுதிகள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 1678 முதல் 1693 வரை அச்சானது. 740க்கும் மேற்பட்ட செடிகள் அதில் உண்டு. முதல் தொகுதியில் முதலில் வருவது நம் தென்னை. ஒவ்வொரு செடிக்கும் படம் இருக்கிறது. படத்தில் செடியின் பெயரைப் பல எழுத்துகளில் பொறித்தார்கள். லத்தீன் எழுத்து, மலையாள எழுத்து, அரபு எழுத்து, நாகரி எழுத்து என்று நான்கு.

வெள்ளைக்காரருக்குச் செடிகளைப் பற்றிச் சொன்னது யார்? நம் மண்ணின் மனிதர்கள்தான். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் இருந்தார். அவர்தான் செடிகளின் பெயரையும் மருந்துக் குணத்தையும் விளக்கிச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள். இட்டி அச்சுதன் தன் கைப்பட ஒரு சான்று எழுதித் தந்தார். 1675 ஏப்ரல் 20 என்று அதில் தேதி இருக்கிறது. கோலெழுத்து என்ற பழைய எழுத்தில் எழுதினார். அந்தச் சான்று அப்படியே புத்தகத்தில் அச்சானது. அதனால்தான் 350 ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் வைத்திருந்த ஓலைச்சுவடிகள் இன்று இல்லை.

அந்தப் புத்தகம் லத்தீன் மொழியில் இருந்தது. கே.எஸ். மணிலால் என்ற கேரளத்துத் தாவரவியல் பேராசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்காக உழைத்தார். 2003இல் ஆங்கிலத்தில் வந்தது. 2008இல் மலையாளத்தில் வந்தது.

தாத்தா கணக்குப் போட்டார். "செடி நம் ஊர். சொன்னவர் நம் ஊர். அதை நம் ஊர்க்காரர் படிக்க 300 வருஷமா?"

பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பேத்திக்கு ஆச்சரியம். தாத்தா பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஏன் கண்ணு, சொன்னவர் பெயர் இருக்கிறது. போட்டவர் பெயர் இருக்கிறது. காட்டுக்குள் போய்ச் செடியைப் பறித்து வந்தவர்கள் பெயர் இருக்கிறதா? மரத்தில் ஏறிப் பூவைக் கொண்டு வந்தவன் பெயர்?"

"தெரியவில்லை தாத்தா."

"செடிக்கு நாலு எழுத்தில் பெயர். அவனுக்கு ஓர் எழுத்தில்கூட இல்லை. என் அப்பா சுவரில் போட்ட கோடு போலத்தான்" என்றார் தாத்தா.

தோட்டக்காரர் எழுதுகிறார்

மறுநாள் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் பக்கத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதினார். அதன் கீழே தன் பெயரை எழுதினார். அடுத்த பக்கத்தில் இருந்து தினமும் இரண்டு வரி எழுதுகிறார். பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள். அதில் சில வரிகளைப் பாருங்கள்:

"கார்த்திகை பௌர்ணமி. விடியற்காலை தண்ணீர் இரண்டாம் படி வரை வந்தது. தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் வேண்டும்."

"இன்று சாக்கில் நத்தை 23. நேற்று 31. நத்தைக் கூட்டம் குறைகிறது."

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆடு வரும். ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் வருவார். இரண்டு நேரமும் ரோஜா பக்கத்திலேயே இருக்க வேண்டும்."

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டுச் சேச்சி வேலி ஓரம் வந்தார். "சேட்டா, நாளைக்குத் தண்ணீர் ஏறுமா?" என்று கேட்டார்.

தோட்டக்காரர் வானத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏறும் சேச்சி. போன வருஷம் இதே திதியில் இரண்டாம் படி வரை வந்தது. தொட்டியை இன்றைக்கே தூக்கி வையுங்கள்" என்றார்.

சேச்சி தூக்கி வைத்தார். மறுநாள் விடியற்காலை தண்ணீர் வந்தது. இரண்டாம் படிக்கு ஒரு விரல் கீழே நின்றது. தொட்டிகள் நனையவில்லை. அன்று மாலை சேச்சி வீட்டில் இருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பும் கப்பையும் வந்தன.

"தினம் இரண்டு வரி எழுதியதற்குக் கூலி" என்று சொல்லித் தாத்தா சாப்பிட்டார். பிறகு கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து எழுதினார்: "இரண்டாம் படிக்கு ஒரு விரல் கீழே. குழம்பில் காரம் கொஞ்சம் அதிகம்."

நண்பர்களே! உங்களுக்கும் பல விஷயங்கள் தெரியும். எந்த மண்ணில் எது விளையும் என்று தெரியும். எந்த மேகம் மழை தரும் என்று தெரியும். வலை பின்னத் தெரியும், சாயம் போடத் தெரியும், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும். அது உங்கள் அப்பாவும் அம்மாவும் தந்தது. இப்போது உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில், உங்களுக்கு அந்த வேலையைச் சொல்லித் தந்தவரின் பெயரை எழுதுங்கள். அடுத்து உங்கள் பெயரை எழுதுங்கள். பிறகு தினமும் இரண்டு வரி எழுதுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பதற்கு முன்னால் கேளுங்கள்.